ஐந்து மணித் திட்டு

இந்தத் தீவில் பாராட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரோடு இரண்டு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. சிலருக்கு இறால் ஆகாது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. அவருக்கு "சபாஷ்" ஆகாது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாள் ஒன்பது மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்.

அவர் பெயர் "முடியாது". பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்கள் மாடியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

தேக்கா சந்தைக்குப் பின்னால், பதினோராம் மாடியில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் பாய். சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் நாற்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு தனியாக இருக்கப் பிடிக்காமல் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். ஓர் அறையில் நான். சுகாதாரச் சுவரொட்டிகளுக்குத் தமிழ் வாசகம் எழுதுவது என் பிழைப்பு. "இன்றே தொடங்குங்கள்", "ஒவ்வோர் அடியும் முன்னேற்றமே" என்று பேருந்து நிறுத்தங்களில் நீங்கள் பார்த்துவிட்டு உடனே மறந்ததெல்லாம் என் கைவண்ணம்தான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஓடுவதற்கென்று வாங்கிய காலணி, வாங்கிய பெட்டியிலேயே நிம்மதியாக இருந்தது.

இன்னோர் அறைக்கு வந்தவர்தான் முடியாது. என்னைவிட மூன்று வயது சின்னவர். ஒரு மருத்துவமனையில் போர்ட்டர். நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்ரே அறையில் விட வேண்டும், முடிந்ததும் திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வந்த அன்றே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினார். காலை ஐந்து மணிக்கு எழுவது, ஓடுவது, வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் கணக்குப் போடுவது என்று மூன்றே வரி.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"ரொம்ப நல்ல விஷயம்பா. நீ கண்டிப்பா செஞ்சிடுவே."

அவர் முகம் தொங்கிப்போனது. மறுநாள் ஒன்பதே காலுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, நீங்க என் ஒரு நாளைக் கெடுத்துட்டீங்க" என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டேன்.

"செஞ்சிடுவேன்னு சொன்னீங்கல்ல? யாராவது அப்படிச் சொல்லிட்டா எனக்குச் செஞ்சு முடிச்ச மாதிரியே ஆயிடுதுண்ணே. அப்புறம் எதுக்கு எழுந்திரிக்கணும்? உன்னால முடியாதுன்னு சொல்லுங்க. அப்ப பாருங்க."

இப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நேரத்தையும் அவரே குறித்துக் கொடுத்தார். ஐந்து பத்து. ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். பத்து நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எழுவதா சாய்வதா என்று ஊசலாடிக்கொண்டிருப்பார். அந்தச் சமயத்தில் நான் கதவைத் திறந்து, "உன்னால முடியாது" என்று சொல்ல வேண்டும். எனக்கு அலாரம் வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

திட்டுவதற்கு விதிமுறைகளும் இருந்தன. அப்பா அம்மாவை இழுக்கக் கூடாது. நிறம், உருவம் பற்றிப் பேசக் கூடாது. கெட்ட வார்த்தை கூடவே கூடாது. முதல் நாள், "நீ ஒரு சோம்பேறி" என்று ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

"அது எல்லாருக்கும் பொருந்தும்ணே. எனக்குன்னு அளவெடுத்துச் சொல்லுங்க."

அளவெடுத்தேன். "வெளியே தூறுது. நீ ஜன்னலைப் பார்ப்பே, அப்புறம் தலைகாணியைப் பார்ப்பே. தலைகாணிதான் ஜெயிக்கும். நேத்தும் அதான் ஜெயிச்சது" என்றேன். அவர் சட்டென்று எழுந்து, "பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, தூறலில் ஃபேரர் பார்க் திடலை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தார். அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன். என் சுவரொட்டியைப் படித்து இந்த ஊரில் ஒருவர்கூட ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைத்ததாகத் தகவல் இல்லை. என் திட்டைக் கேட்டு ஒரு மனிதர் மழையில் ஓடினார். பகலெல்லாம் ஊரை ஊக்கப்படுத்திச் சம்பளம் வாங்கினேன், விடியலில் ஒருவரைச் சம்பளம் வாங்காமல் மட்டம் தட்டினேன். இரண்டில் எது உருப்படியான வேலை என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை.

பெயர் வந்ததும் இதனால்தான். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தினமும் விடியலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் ஜன்னல் வழியாக நாள் தவறாமல் ஒரே சொல் கேட்கிறது, கேட்டதும் ஓர் ஆள் வெளியே ஓடி வருகிறார். அதுதான் அவர் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார். "குட் மார்னிங், முடியாது" என்று அவர் முதல் தடவை சொன்னபோது இவருக்கு ஒரே சந்தோஷம். திருத்தவே விடவில்லை.

திட்டு தேடி அவர் வெளியிலும் அலைந்தார். தேநீரில் சர்க்கரையை விடுவது என்று ஒரு நாள் தீர்மானம். வீட்டுக்குக் கீழேயே தேநீர் கிடைக்கும். ஆனால் அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் காப்பிக்கடைக்குத்தான் போவார். அங்கே கல்லாவில் இருக்கும் சீன அங்கிளுக்கு முகஸ்துதி என்பதே தெரியாது. "தே ஓ கோசோங்" என்று இவர் கேட்டார். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று அர்த்தம். அங்கிள் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யூ? கோசோங்? கேனாட் லா. த்ரீ டேஸ் ஒன்லி."

யாரும் கேட்காமலே, பயிற்சி எதுவும் இல்லாமலே, அவ்வளவு சுத்தமான அவநம்பிக்கை. முடியாது அந்தக் கடையிலிருந்து வெளியே வரும்போது கோயிலில் தரிசனம் முடித்தவர் மாதிரி இருந்தார். அதன்பிறகு அவர் வாயில் சர்க்கரை படவில்லை.

பாய்தான் பெரிய பிரச்சினை. நான் வேலை விஷயமாக மூன்று நாள் ஜொகூர் போக வேண்டியிருந்தது. ஐந்து பத்துப் பொறுப்பைப் பாயிடம் ஒப்படைக்கலாம் என்று முதல் நாள் மாலை ஒத்திகை வைத்தோம். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, உங்களால..."

"ம், சொல்லுங்க பாய்."

"உங்களால முடியாதுன்னு சொல்ல யாருக்குத் தம்பி மனசு வரும்?"

"பாய், பாதியோட நிறுத்திடுங்க. அதுவே போதும்" என்று முடியாது கெஞ்சினார்.

பாய் மறுபடி முயன்றார். கொஞ்சம் கஷ்டந்தான் என்று தொடங்கி, ஆனால் அல்லாஹ் கைவிட மாட்டான் என்று முடித்தார். மூன்றாவது தடவை, இவருடைய சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று நாற்பது வருடம் சொல்லிப் பழகிய நாக்கு அது. நான் திரும்பி வந்தபோது முடியாது மூன்று நாளும் ஒன்பது மணிக்கு எழுந்திருந்தார். பாய் குற்றவாளி போல ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

இதைவிட மோசம், அவருடைய அக்கா செய்த உபகாரம். பூன் லேயில் இருக்கும் அந்த அக்கா, தம்பி முன்னேற வேண்டும் என்ற ஆசையில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த, இலக்கை எட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டார். அங்கே எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, "யூ கேன் டூ இட்" என்று பத்துத் தடவை சொல்லிக் கையில் தட்ட வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல். பழக்கங்களைக் கணக்கெடுக்கும் ஒரு செயலியையும் தொலைபேசியில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏழு நாள் தொடர்ந்து ஓடியதும் திரையில் வண்ணக் காகிதம் பறந்து, கைதட்டல் சத்தம் வந்தது. அந்த இடத்திலேயே அதை அழித்தார்.

"ஃபோனு எனக்குக் கைதட்டுதுண்ணே. கூச்சமா இருக்கு" என்றார்.

இதெல்லாம் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எதற்காக இந்தக் கணக்கு என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நர்ஸ் ஆகணும்ணே. நர்ஸிங் டிப்ளோமாவுக்கு ஓ லெவல் கணக்கு வேணும். மத்ததெல்லாம் எழுதிப் பாஸாயிட்டேன். கணக்குல ரெண்டு தடவை போச்சு."

"எப்படிப் போச்சு?"

"முதல் தடவை அக்கா கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்து, நீ பாஸாயிட்டேன்னே வெச்சுக்கன்னாங்க. ரெண்டாவது தடவை வார்டுல எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டி வாழ்த்தினாங்க. அதுல மார்க் இன்னும் குறைஞ்சிடுச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கட்டில்ல படுத்திருக்கறவங்க மேலயே பார்த்துக்கிட்டு வருவாங்கண்ணே. திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, வலிக்குமா தம்பின்னு கேப்பாங்க. நான் தள்ற ஆளு. நான் ஒண்ணும் சொல்லக் கூடாது, சிஸ்டர் வந்து சொல்வாங்கன்னு சொல்லணும். எனக்குப் பதில் தெரியும்ணே. சொல்றதுக்குத்தான் உரிமை இல்ல. நர்ஸிங் படிக்கப் போறேன்னு ஒரு சிஸ்டர்கிட்ட சொன்னேன். நீ ஒழுங்கா கட்டில் தள்ளு, அது போதும்னுட்டாங்க. ஸ்கூல்லயும் இதான். உனக்குக் கணக்கு வராது, கையால செய்யற வேலை ஏதாவது கத்துக்கோன்னு கணக்கு வாத்தியார் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னார். அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு, அப்பவே உட்கார்ந்திருந்தா புஸ்தகத்தையே முடிச்சிருப்பேன். ஆனா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டேன். காலையில பார்த்தா கோவத்தைக் காணோம்."

பிறகு அவர் சொன்ன ஒன்றை நான் எந்தச் சுவரொட்டியிலும் எழுத முடியாது. "கோவம் சோறு மாதிரிண்ணே. நேத்து வடிச்சது இன்னிக்கு ஆகாது. தினமும் வடிக்கணும்."

இது மூன்றாவது தடவை, இதிலும் போனால் இனி எழுதப் போவதில்லை என்றும் சொன்னார். அக்கா கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். வயது இருபத்தேழாகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. நான் அன்றிலிருந்து என் வேலையை மிகவும் சிரத்தையாகச் செய்தேன்.

சிக்கல் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கியது. திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோனது. ஐந்து மணிக்கு எழுகிறார். மழையோ வெயிலோ ஓடுகிறார். பதினோரு மாடியும் படியில்தான் ஏறுகிறார். மேசையில் முடித்த நோட்டுகள் முழங்கை உயரத்துக்கு நிற்கின்றன. ஒரு விமரிசகனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. குறை கண்டுபிடிக்க நான் ராத்திரி சீக்கிரம் படுத்து, தெளிந்த மூளையோடு எழ வேண்டியிருந்தது. கடைசியில் அவர் எழுதும் ஏழு, ஒன்று மாதிரி இருக்கிறது என்று கையெழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

முதல் தாள் அன்று காலை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, கணக்குப்பொறியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பாய் தொழுகை முடித்து, தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வாரமாக மெருகேற்றி வைத்திருந்த திட்டு என் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நல்லா எழுதிடுவே. எனக்குத் தெரியும்" என்று வந்துவிட்டது.

 பாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். முடியாது என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். மூச்சு வாங்கக் கீழே ஓடினேன். அவர் ஏறிய பேருந்து போய்விட்டிருந்தது. தொலைபேசியை அணைத்துவிட்டிருந்தார்.

திரும்பி வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மனிதரின் இத்தனை நாள் உழைப்பை ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது. பாய்தான் எழுந்தார்.

"டாக்ஸி பிடிங்க தம்பி. போய்த் திட்டிட்டு வந்துருவோம்."

தேர்வு மையம் மார்சிலிங் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பாய் கட்டியிருந்த கைலியோடும் தொப்பியோடும் வந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசற்கதவை மூடியிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சீருடைக்கு நடுவில் ஒரே ஒரு இஸ்திரிச் சட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றது. வெளியே பெற்றோர் கூட்டம். ஓர் அம்மா கம்பிக்குள் கையை விட்டு மகள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். நான் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். டாக்ஸியிலிருந்து ஓடி வந்ததில் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

பாய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மார்சிலிங் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்.

"தம்பி, உங்களால முடியாது. நீங்க கட்டாயம் ஃபெயிலாயிடுவீங்க, இன்ஷா அல்லாஹ்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். திருநீறு அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் நாங்கள் இருவரும் சாம்பலாகியிருக்க வேண்டும்.

"வயசுல பெரியவரு. பரீட்சைக்குப் போற பிள்ளைய இப்படியா சபிப்பீங்க?"

"சாபம் இல்லம்மா. அவருக்கு இதான் மருந்து" என்றார் பாய்.

"மருந்தா?" என்று அந்த அம்மா மகளை எங்கள் கண்ணில் படாத பக்கமாக நகர்ந்து நிற்கச் சொன்னார். காவலாளி எங்களை நோக்கி வந்தார். அதற்குள் வரிசையில் அந்த இஸ்திரிச் சட்டை திரும்பிவிட்டது. கைலி, தொப்பி, கம்பியைப் பிடித்த கை எல்லாவற்றையும் பார்த்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கணக்குப்பொறியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "பார்க்கலாமா பாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உட்லண்ட்ஸ் தாண்டியதும், "நாக்குதான் தம்பி சொன்னது. மனசு சொல்லல. அது அவனுக்குத் தெரியும்" என்று மேலே பார்த்தார். இருந்தாலும் மூன்று நாள் நோன்பு வைத்தார். இரண்டாம் தாளுக்கு வீட்டு வாசலிலேயே திட்டி அனுப்பினார், இந்தத் தடவை இன்ஷா அல்லாஹ் சேர்க்காமல்.

ஜனவரியில் முடிவு வந்தது. முடியாது வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தாளை மேசையில் வைத்தார். பாஸ். நர்ஸிங்குக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது. பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாழ்த்தினால் உடம்புக்கு ஆகாது, திட்டவோ மனம் வரவில்லை. பாய் அவர் தட்டில் பிரியாணியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏதாவது சொல்லுங்கண்ணே" என்றார் முடியாது.

"நர்ஸிங் மூணு வருஷம். ரெண்டாவது வருஷமே ஓடி வந்துருவே. ஊசியைப் பார்த்தா மயங்கி விழுவே."

"நெஜமாவா சொல்றீங்க?"

இரண்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. 

"இல்லப்பா. பொய். ஆரம்பத்துலேர்ந்தே எல்லாம் பொய்தான்."

"தெரியும்ணே" என்றார். "வாத்தியாரும் சிஸ்டரும் நெஜமாவே சொன்னாங்க. ஆனா அவங்க யாரும் எனக்காகக் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வந்து சொல்லல."

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். நான் குனிந்து சாப்பிட்டேன். அந்தப் பிரியாணியில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

வகுப்பு தொடங்கியதும் அவர் அக்கா வீட்டுக்கு மாறிப் போனார். இன்றும் ஐந்து பத்துக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய், இன்னும் காலியாகவே கிடக்கும் அந்த அறையின் கதவைத் திறந்து பார்க்கிறேன். சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது, அவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை.